ஆண்கள் விடுதியில் எனக்கொரு அறை

அப்போது நான் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அன்று பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்தால், மாடிப்படியின் அடியிலேயே தங்கை ஒரு உறையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இங்கிலாந்து ஸ்டாம்பு! தொட்டுப் பாரு, எவ்வளவு தடிமனா இருக்கு. இல்லைன்னு சொல்றதுக்கு இவ்வளவு பேப்பர் வேணாம்லா!"

அவள் சொன்னது சரிதான். வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் முதுகலை ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்திருந்தது. உதவித்தொகையும் உண்டு. அக்டோபரில் சேர வேண்டும். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், மாவு மில்லுக்கு மேல் எங்கள் வீடு. நான் நேராக மில்லுக்குள் ஓடி, இயந்திரச் சத்தத்துக்கு மேல், "எனக்கு இடம் கிடைச்சிடுச்சு!" என்று கத்தினேன். மில்காரர் காதருகே கையை வைத்துக்கொண்டு, "பச்சரிசியா, புழுங்கலா?" என்று கேட்டார்.

கடிதத்தோடு இரண்டு பக்கப் பட்டியல் ஒன்றும் வந்திருந்தது. புது மாணவர்கள் புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை. சான்றிதழ் நகல்கள், புகைப்படம் ஆறு, அம்மைத் தடுப்பூசி, நெஞ்சு எக்ஸ்ரே, டாக்டர் சான்று, கப்பல் டிக்கெட், தங்குமிடப் படிவம், கனமான கோட்டு. அதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டேன். வேறு யாருக்காவது அது அலைச்சலாக இருந்திருக்கும். எனக்கோ ஒவ்வொரு வரியையும் முடித்துக் கோடு போட்டு அடிக்கும்போது கப்பல் ஒரு முழம் கிட்டே வருவதுபோல இருந்தது.

புகைப்படக்காரர் சிரிக்காமல் இருக்கச் சொன்னார். என்னால் முடியவில்லை. நான்காம் தடவை அவரே சிரித்துவிட்டு, "சரி, இப்படியே இருக்கட்டும்" என்று படம் எடுத்தார். கோட்டு வாங்க ஹை ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். சாம்பல் நிறம், முழங்காலுக்குக் கீழே தொங்கியது, ஒரு ஆட்டுக்குட்டியின் கனம். கடைக்காரர் பையில் போடப் போனபோது தங்கை தடுத்தாள்.

"போட்டுக்கிட்டே வா. தைரியம் இருக்கா?"

இருந்தது. மத்தியான வெயிலில், புடவைக்கு மேல் கோட்டோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னைப் பார்த்து இரக்கத்தோடு, "சாக்கிட்?" என்று மலாயில் கேட்டார். உடம்புக்கு ஆகவில்லையா என்று. தங்கை பலமாகத் தலையாட்டினாள். எதிரில் இருந்த அம்மாள் எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டாள். நாங்கள் இறங்கும் தேக்கா வரும்வரை இருவரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிரிப்பை அடக்கி, கண்ணீர் விட்டோம். அது அந்த அம்மாளுக்கு இன்னும் கவலையைத் தந்திருக்க வேண்டும்.

மறு வாரம் தங்குமிடக் கடிதம் வந்தது. அதை வாசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு ஆண்கள் விடுதியில் மூன்றாம் மாடியில் அறை ஒதுக்கியிருந்தார்கள். சவரம் செய்ய வெந்நீர் காலை ஆறரைக்கு வரும் என்றும் எழுதியிருந்தது.

முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தோம். அதிலும் 'மிஸ்டர்' என்றுதான் இருந்தது. சந்தோஷத்தில் யாரும் கவனிக்கவில்லை. எப்படி நேர்ந்தது என்று யோசித்தால் புரிந்தது. விண்ணப்பத்தில் என் முதலெழுத்தையும் அப்பாவின் பெயரையும்தான் போட்டிருந்தேன். ஆணா பெண்ணா என்று கேட்கும் கட்டமே அதில் இல்லை. பரிந்துரைக் கடிதம் கொடுத்த என் பேராசிரியரோ ஆரம்பத்திலிருந்து கடைசிவரை 'விண்ணப்பதாரர்' என்றே எழுதியிருந்தார்.

அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உலகம் அவருக்கு.

"அவங்க சீட்டு கொடுத்தது ஒரு ஆம்பளைக்கு," என்றார் மெதுவாக. "பொம்பளைன்னு தெரிஞ்சா கொடுப்பாங்களா?"

"ஏங்க, நீங்க வேற! இவ வாயைத் திறக்காம இருந்தா போதும்," என்றாள் அம்மா. "முதல்ல போய் இறங்கட்டும். கப்பல் ஏறி வந்த பிள்ளையைத் திருப்பியா அனுப்பிடுவாங்க?"

"மூணாவது மாடிக்கா இறங்கப் போறா?"

"அதையெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம்."

அவமானமாக இருந்தாலும் சொல்கிறேன், நான்கு நாட்கள் நான் அம்மாவின் கட்சியில்தான் இருந்தேன். சுவரில் இருந்த பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் அதே கேள்விதான். ஒரு தந்தியோ கடிதமோ போய், அவர்கள் 'மன்னிக்கவும்' என்று எழுதிவிட்டால்?

ஐந்தாம் நாள் டாக்டரிடம் போனேன். யாழ்ப்பாணத்து அம்மா, எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களும் அவரிடம்தான் போவோம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நுரையீரல் சுத்தம் என்றார். பிறகு பல்கலைக்கழகம் எனக்கென்று நிரப்பி அனுப்பிய படிவத்தைக் கையில் எடுத்தார். மூக்குக் கண்ணாடி இறங்கியது.

"உது ஆர் பிள்ளை, இந்த மிஸ்டர்?"

கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் பொய்க்குக் கையெழுத்து வைக்க மாட்டன். பாரும்."

சிவப்பு மைப் பேனாவை எடுத்து, 'ஹீ' என்று இருந்த இடமெல்லாம் முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்து 'ஷீ' ஆக்கினார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் ஒரு கையெழுத்து. ஒன்பது இடங்கள்.

"இது போனால் அவைக்கு எப்படியும் தெரியத்தானே போகுது. அதுக்கு முந்தி நீரே அறிவிச்சால் மரியாதை. படிக்கப் போற பிள்ளை ஒளிச்சுக்கொண்டு போறதே?"

வெளியே வந்ததும், என்னோடு வந்திருந்த தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே தந்தி அலுவலகத்துக்கு நடந்தேன். கப்பலுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. கடிதம் போய்ப் பதில் வரக் காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை.

கவுண்டரில் ஒரு தமிழர். என் பின்னால் கப்பல் கம்பெனி ஆட்கள், வியாபாரிகள் என்று நீண்ட வரிசை. எழுதியதை அனுப்புவதற்கு முன் சத்தமாக வாசித்துச் சரிபார்ப்பது அங்கே வழக்கம் என்று எனக்குத் தெரியாது.

"கெமிஸ்ட்ரி ரிசர்ச் ஸ்டூடண்ட்," என்று அவர் கணீரென்று ஆரம்பித்தார். "ஐ ஆம் நாட் மேன். ஸ்டாப். ஐ ஆம் வுமன். ஸ்டாப். கைண்ட்லி கன்ஃபர்ம் ப்ளேஸ். சேஞ்ச் ரூம்."

வரிசையில் இருந்த தலைகள் என் பக்கம் திரும்பின. அவர் தலையை நிமிர்த்தினார்.

"இதை யாரு மிஸ் அனுப்பறது?"

"நான்தான்."

"பார்த்தாலே தெரியுதே. எதுக்குத் தந்தி?"

வேறு வழியில்லாமல் விளக்கினேன். பின்னால் நின்றவர்களும் கேட்டார்கள். ஆங்கிலம் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்ல, சிரிப்பு வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. வயதான சீன வியாபாரி ஒருவர் கைதட்டினார். கவுண்டர்காரர் மட்டும் தொழிலில் கவனமாக இருந்தார்.

"'நாட் மேன்' தேவையில்லைலா மிஸ், ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு. 'வுமன்' போட்டாலே போதும்."

"இல்லை, ரெண்டும் இருக்கட்டும். சந்தேகமே வரக்கூடாது."

பதில் ஐந்து நாட்கள் வரவில்லை. அப்பா தினமும் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, "ஏதாவது?" என்பதுபோல் புருவத்தை மட்டும் உயர்த்துவார். சனிக்கிழமை மத்தியானம் மில்காரர் உடம்பெல்லாம் மாவோடு படியேறி ஓடி வந்தார். தந்தி உறையில் அவருடைய வெள்ளைக் கைரேகை பதிந்திருந்தது. அதைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அப்பாதான் பிரித்தார். ஒருமுறை மனசுக்குள் வாசித்தார், பிறகு எங்களுக்காகத் தமிழில் சொன்னார்.

"இடம் உறுதி. தவறுக்கு வருந்துகிறோம். பெண்கள் விடுதி நிரம்பிவிட்டது. துறைப் பேராசிரியர் வீட்டு மாடியறை தயார். கம்பளிக் காலுறை கொண்டுவரவும்."

"காலுறையா?" என்றாள் தங்கை. "காலுறைன்னு தந்தியிலயா போட்டிருக்காங்க?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே வராமல் சிரித்தார். அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நான் அப்பவே சொல்லலை? உண்மையைச் சொல்லிடு, நல்லவங்க ஒத்துக்குவாங்கன்னு!"

நாங்கள் நால்வரும் அவளை வாய் பிளந்து பார்த்தோம், மில்காரர் உட்பட. பிறகு யாராலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அன்று மதியம் ஆறிப்போன சோற்றைத்தான் சாப்பிட்டோம்.

செப்டம்பரில் ஒரு காலை கப்பல் புறப்பட்டது. மேல்தளத்தில் நின்றவர்கள் வண்ணக் காகிதச் சுருள்களைக் கரைக்கு வீசினார்கள். என்னுடைய மஞ்சள் சுருளின் மறுநுனியை அப்பா பிடித்தார், அம்மா அவர் கையைப் பிடித்தாள், தங்கை இருவருக்கும் நடுவே குதித்துக்கொண்டிருந்தாள். அழ வேண்டும் என்றுதான் கைக்குட்டை எடுத்து வைத்திருந்தேன். கப்பல் நகர நகரக் காகிதம் இறுகி, நடுவில் பட்டென்று அறுந்தது. என் நுனி காற்றில் பறந்துபோய் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரின் தலையில் சுற்றிக்கொண்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு அதைப் பிரித்து எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, கரையில் இருந்தவர்கள் புள்ளிகளாகிவிட்டிருந்தார்கள். இருந்தாலும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன், கை வலிக்கும்வரை.