எண்ணெய் அறைப் பூட்டக்கா

பட்டறையில் அவளுக்குப் பெயர் பூட்டக்கா. எண்ணெய் அறைக்கு ஒரு பூட்டு, கம்பி சுற்றிய காயில்களை உலர்த்தும் ஓவனுக்கு ஒரு பூட்டு, சாப்பாட்டுப் பைக்குக்கூட ஒரு குட்டிப் பூட்டு. அவளுக்குத் தெரியாமல் வைத்த பெயர் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முதல் நாளே தெரியும். யார் வைத்தது என்றும் தெரியும்.

சந்தேகம்தான் அவளுக்குச் சோறு போட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். பழுதான டிரான்ஸ்பார்மர்களைப் பிரித்துச் சரிசெய்யும் அந்தப் பட்டறைக்கு அவள் பெருக்கிக் கூட்டத்தான் வந்தாள். ஒருநாள் புதிதாக வந்திறங்கிய எண்ணெய் டிரம்முக்குள் நீளக் கண்ணாடிக் குழாயை அடிவரை விட்டு எடுத்து, "மேலதான் எண்ணெய், கீழ பூரா தண்ணி" என்று காட்டினாள். அதை அப்படியே ஊற்றியிருந்தால் டிரான்ஸ்பார்மர் வெடித்திருக்கும். முதலாளி மறுநாளே எண்ணெய் அறைச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு யாரையும் நம்ப வேண்டிய அவசியம் அவளுக்கு வரவில்லை.

அப்படிப்பட்டவளிடம் போய், இனி விதையிலிருந்து பிழிந்த எண்ணெயும் வரும் என்றால் சும்மா விடுவாளா?

ஏரிக்கரையில் இருக்கும் குடிநீர் நிலையத்துக்காரர்கள்தான் தங்கள் டிரான்ஸ்பார்மருக்கு அதைக் கேட்டிருந்தார்கள். டிரான்ஸ்பார்மருக்குள் எண்ணெய்க்கு இரண்டு வேலை. மின்சாரம் தாவக் கூடாத இடத்துக்குத் தாவாமல் தடுக்க வேண்டும், காயிலின் சூட்டை வாங்கி வெளியே விட வேண்டும். இத்தனை காலமும் பெட்ரோலியத்திலிருந்து எடுத்த எண்ணெய்தான் அதைச் செய்தது.

"இதுவும் அதே வேலையைப் பாக்கும்க்கா," என்றார் முதலாளி. "ஒழுகினாலும் ஏரி கெடாது. சீக்கிரத்துல தீப்பிடிக்காது."

"இவ்வளவு நல்லதுன்னு சொன்னாலே ஏதோ இருக்குன்னு அர்த்தம்," என்றாள் பூட்டக்கா.

டிரம்மில் சமையலுக்கு அல்ல என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதையே அவள் சந்தேகப்பட்டாள். சமைக்கவே முடியாது என்றால் எதற்கு எழுதுகிறார்கள்? சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவர் டப்பாவுக்கும் பக்கத்தில் மெதுவாக நடந்து மூக்கை உறிஞ்சினாள். யார் டப்பாவிலாவது பொரித்தது ஏதாவது தென்பட்டால் அன்று டிரம்மின் மூடியை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

அதே பட்டறையில் காயில் சுற்றும் வேலையில் இருந்தாள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. வீட்டில் பூட்டக்கா குடும்பம் கீழே, இளையவள் குடும்பம் மாடியில். கம்பியைச் சுற்றுவதில் இளையவள் கை சுத்தம். அதை மாமியார் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பூட்டக்காவுக்குக் காது புளித்துப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி, "எண்ணெய் வேலையும் அவளுக்குக் கொஞ்சம் பழக்கிவிடுங்கக்கா, உங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்," என்றார்.

ஒத்தாசையாம். சாவிக்குக் குறி வைத்தாயிற்று என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

ஏரிக்கரை டிரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றியவள் இளையவள், புது எண்ணெய் நிரப்பியவள் பூட்டக்கா. நிரப்பிய மறுநாள் டேங்கின் அடிமூலையில் ஒரு கசிவு. எண்ணெயை வடித்து, காயிலை வெளியே தூக்கி, டேங்கை வெல்டரிடம் அனுப்பினார்கள். இடையில் விடுமுறை வந்துவிட்டது. காயிலில் ஈரக்காற்று படக் கூடாது, எப்போதும் செய்கிற வேலைதானே என்று பூட்டக்கா அதை ஓவனுக்குள் தொங்கவிட்டுச் சூடான காற்றை ஓடவிட்டாள். பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடியும் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

விடுமுறை முடிந்து திறந்தால், காயில் முழுவதும் பழுப்பாகப் பிசின் பூசியிருந்தது. தொட்ட விரல் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் ஓடிச் சூட்டை இழுக்க வேண்டிய இடுக்குகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. துடைத்தாலும் போகவில்லை. இனி அந்தக் காயில் உதவாது.

பூட்டக்கா அதிகம் யோசிக்கவில்லை. காயில் கம்பிக்குப் பூசும் வார்னிஷ் டப்பா இருப்பது இளையவள் மேஜைக்கடியில். போய்ப் பார்த்தாள், அரை டப்பாதான் இருந்தது. விடுமுறைக்கு முந்தின மாலை அவள் கை கழுவப் போனபோது சாவிக்கொத்து ஆணியில் தொங்கியது, பக்கத்தில் நின்றது யார்? எல்லாம் வரிசையாகப் பொருந்தி வந்தது. பொருந்தி வந்ததில் அவளுக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

"எனக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுக்கணும்னே வார்னிஷைப் பூசியிருக்கா," என்று முதலாளி முன்னால் சொன்னாள்.

இளையவள் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, என் கையால சுத்தின காயில். நானே கெடுப்பேனா?"

"அதான் யாரும் உன்னைச் சந்தேகப்பட மாட்டாங்கன்னு நெனச்சிருக்கே."

விஷயம் தெளிவாகும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி இளையவளை அனுப்பிவிட்டார். கொழுந்தன் அண்ணனோடு பேசுவதை நிறுத்தினான். மாடிப்படியில் எதிரே வந்தால் இளையவள் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டாள்.

பூட்டக்காவின் புருஷன் அதிகம் பேசாத மனுஷன். "நீ கண்ணால பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

"திருடறவங்க கூப்பிட்டுக் காட்டுவாங்களா?" என்றாள் அவள்.

அந்த வார இறுதியில் அடுக்களையைச் சுத்தம் செய்தாள். அடுப்புக்கு மேலே இருந்த பலகையிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்தால் வரவில்லை. பலம் கொடுத்து இழுத்தாள், பலகையோடு அசைந்தது. ஒருவழியாகப் பிடுங்கியதும் அடியில் வட்டமாகப் பழுப்புப் பிசுக்கு. எந்த வீட்டு அடுக்களையிலும் இருக்கிற பிசுக்குதான். வருஷக்கணக்காகத் தேய்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் விரலை வைத்துப் பார்த்தாள், விரல் ஒட்டிக்கொண்டது. மோந்து பார்த்தாள். காயிலில் ஒட்டியிருந்ததும் இதே மாதிரிப் பிசின்தான்.

இருந்தாலும் அவள் பூட்டக்கா, தன்னையே நம்பவில்லை. பட்டறைக்குப் போய் இரண்டு தகரத் துண்டுகளை எடுத்து ஒன்றில் பழைய பெட்ரோலிய எண்ணெயையும் மற்றதில் புது விதை எண்ணெயையும் மெல்லிசாகத் தடவி, ஓவனில் வைத்து, சூடான காற்றை ஓடவிட்டுப் பூட்டினாள். சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். சில நாள் கழித்துத் திறந்தபோது பழைய எண்ணெய் ஈரமாகவே மின்னியது. புது எண்ணெய் பிசினாகியிருந்தது. வார்னிஷுமில்லை, சதியுமில்லை. எண்ணெயில் முங்கி இருக்க வேண்டிய காயிலைச் சூட்டுக் காற்றில் விட்டது அவள்தான்.

தகரத்தைத் துடைத்துவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. துணியைக்கூடக் கையில் எடுத்தாள். மாடிப்படியில் ஒதுங்கி நின்ற முகம் ஞாபகம் வந்து, துணியை வைத்துவிட்டு முதலாளி அறைக்குப் போனாள்.

முதலாளி தகரத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஓவன் சாவி உங்ககிட்டதானேக்கா இருந்துச்சு," என்றார். "எனக்கு உங்க மேல சந்தேகமே வரலையே."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலை மாடியேறிப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள், மன்னிப்பும் கேட்டாள். கதவைச் சாத்துவாள், கத்துவாள், நாலு பேர் கேட்க அழுவாள் என்று தயாராகப் போயிருந்தாள். இளையவள், "பரவாயில்லக்கா," என்றாள். அவ்வளவுதான். மறுநாள் வேலைக்கு வந்து புதுக் காயில் சுற்ற உட்கார்ந்தாள்.

காயில் முடிந்த அன்று பூட்டக்கா எண்ணெய் அறைச் சாவியில் ஒன்றைக் கழற்றி அவளிடம் நீட்டினாள். அவள் வாழ்க்கையில் யாருக்கும் கொடுக்காத பொருள் அது.

"வேணாம்க்கா, உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றாள் இளையவள். பையிலிருந்து போனை எடுத்துக் காயிலை நாலு பக்கமும் படம் பிடித்தாள். வார்னிஷ் டப்பாவைத் திறந்து அதில் மிச்சமிருந்த அளவையும் படம் பிடித்தாள். தன் மேஜை இழுப்பறைக்குப் புதிதாக வாங்கிய பூட்டைப் போட்டாள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"நான் வச்சுட்டுப் போறப்ப நல்லா இருந்துச்சுன்னு தெரியணும்ல."

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நாளாவட்டத்தில் தணியும் என்று நம்பியிருக்கலாம். பூட்டக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. படத்தில் விழாமல் ஒதுங்கப் போனாள்.

"போகாதீங்கக்கா, காயில் பக்கத்துல நில்லுங்க. நீங்க பாத்ததுக்கும் ஒரு ஆதாரம் வேணும்."

பூட்டக்கா போய் நின்றாள். இளையவள் போனை உயர்த்திப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க," என்றாள். "முகம் தெரியல."