நடுநெஞ்சில் ஒரு முனை

மகளுக்கு அப்போது மூன்று மாதம். இரண்டு நாளாக விடாமல் அழுதாள். "உரம் உழுந்திருக்குது அம்மணி" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. கழுத்து பிசகியிருக்கிறது என்று பொருள். பழைய பருத்திச் சேலையில் பிள்ளையைக் கிடத்தி, ஒரு பக்கம் மாமியாரும் மறுபக்கம் அக்காவும் பிடித்து இப்படியும் அப்படியும் உருட்டினார்கள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழுகை நின்றது.

மறுநாள் குளிக்கவைத்துத் துடைக்கும்போது என் விரல் இடறியது. நெஞ்சுக்குக் கீழே, விலா எலும்புகள் பிரியும் இடத்தில், தோலுக்கடியில் கூராக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

நான் விலங்கியல் படித்தவள். அதுதான் வினை. புறாவின் மார்பெலும்பில் தோணியின் அடிக்கட்டைபோல ஒரு மேடு நிற்கும். கரைனா என்று பெயர். பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். மனிதருக்கு நெஞ்சு அப்படித் தள்ளினால் கோளாறு என்றும் படித்திருக்கிறேன். உருட்டியதில் எலும்பு பெயர்ந்துவிட்டது என்றே முடிவுசெய்தேன். தடுப்பூசி என்று மாமியாரிடம் பொய் சொல்லிவிட்டு, கணபதி பகுதியில் இருந்த குழந்தை மருத்துவரிடம் ஆட்டோவில் ஓடினேன்.

அவர் விரலால் அழுத்திப் பார்த்தார். "சேலையில போட்டு உரம் எடுத்தீங்களா?"

"ஆமாங்க டாக்டர்."

"இனி எடுக்காதீங்க. ஆனா இது அதனால வந்ததில்லைங்க. நெஞ்செலும்போட நுனி, வெறும் குருத்தெலும்பு. சின்னக் குழந்தைக்கு இப்படித்தான் தெரியும். உங்களுக்கும் இருக்குது, தொட்டுப் பாருங்க."

"கரைனா மாதிரி இல்லீங்களா?"

சிரித்துவிட்டார். "நெஞ்சு தட்டையாத்தானுங்க இருக்குது. பாப்பா பறந்து போயிராது."

ஆட்டோவில் துப்பட்டாவுக்கடியில் என் நெஞ்சைத் தடவினேன். இருந்தது. இத்தனை வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது.

வீட்டில் மாமியார் பிள்ளையின் தொடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊசி குத்துன தடத்தையே காணமே கண்ணு?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது. "சேலையப் புடிச்சவ நானு. எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" என்றவர், பேத்தியின் நெஞ்சில் விரலை வைத்தார். பிறகு தன் நெஞ்சில். "அட, எனக்கும் இருக்குது!"

பிள்ளையைப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு அக்காவும் தன் நெஞ்சில் தேடினார். "எனக்குத் தட்டுப்படவே இல்லீங்களே?"

"உனக்கு அத்தனை சதை கெடக்குது, எங்கிருந்து தட்டுப்படும்?"

பிள்ளை அழத் தொடங்கியதிலிருந்து அன்றுதான் அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டது. அந்தச் சேலையைச் சாயங்காலம் தொட்டிலாகக் கட்டினேன். முடிச்சை மட்டும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.