சைரன் கவரும் முதல் பந்தியும்

1. மாட்டுச் சங்கிலி

மாட்டைக் கட்டுகிற இரும்புச் சங்கிலி ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு, சிம்மக்கல்லில் இருக்கும் என் கடைக்குள் நுழைந்தார் சொக்கலிங்கம் அண்ணன். பெரிய பூட்டாக ஒன்று வேண்டும் என்றார். மாட்டுக்கா என்று கேட்டேன். மண்டபத்துக் கதவுக்கு என்றார்.

நான் கதவுச் சாமான் பொருத்துகிறவன். பூட்டு, கீல், டோர் குளோசர், அவசர வழிக் கதவுக்கு வேண்டிய அயிட்டங்கள் எல்லாம் என் தொழில். இப்போது கடையைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவனைக் குறை சொல்லும் வேலையை மட்டும் விடாமல் செய்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு ஒரு கதவின் கதையைச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். மற்றக் கதவுகளைப் பற்றி நீங்கள் வேலை செய்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொக்கலிங்கம் அண்ணனின் கல்யாண மண்டபம் பழங்காநத்தத்தில் இருக்கிறது. மாடியில் ஏசி ஹால், கீழே சாப்பாட்டுக் கூடம். ஹாலின் பக்கவாட்டில் ஓர் அவசர வழிக் கதவு. அதற்குச் சாவி கிடையாது. உள்ளே இருக்கிறவர் குமிழைத் திருகித் தள்ளினால் திறந்துவிடும். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு படிக்கட்டு, நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கும். அந்தப் படிக்கட்டுத்தான் பிரச்சினை.

நம் ஊரில் பந்திக்கு எப்படி இடம் பிடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா மோருக்கு வந்துவிட்டாரா என்று இலையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த அவஸ்தை வேண்டாம் என்றால் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். முதல் பந்திக்கு எல்லோருக்கும் முன்னால் போக வேண்டும் என்றால் அவசர வழிதான். ஐயர் மந்திரத்தை வேகமாகச் சொல்ல ஆரம்பித்ததுமே ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். தாலி கட்டும் நேரத்தில் ஹால் பாதி காலியாகிவிடும்.

"வீடியோவப் போட்டுப் பார்த்தா தாலி கட்டுற எடத்துல அம்புட்டும் காலிச் சேரு. பொண்ணு வீட்டுக்காரவுக எங்கிட்ட வந்து சண்ட போடுறாக" என்றார் சொக்கலிங்கம் அண்ணன். கூட்டத்தில் முக்கியமான குற்றவாளி யார் என்றும் சொன்னார். வாடிப்பட்டிப் பெருமாள். வேறு யாருமில்லை, அண்ணனின் சொந்த மச்சினன். பத்திரிகை வந்தாலும் வராவிட்டாலும் அந்த மண்டபத்தில் நடக்கும் கல்யாணம் எதையும் அவர் தவறவிட்டதில்லை.

நான் பூட்டை எடுத்துக் கொடுக்கவில்லை.

"பூட்டு தாரேண்ணே. உள்ள தீப்புடிச்சா சாவிய யாரு தேடிக்கிட்டு இருப்பா?" என்றேன்.

அவர் சங்கிலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் பாய் என்று உட்கார்ந்துவிட்டார். அப்படித்தான் சைரன் வைத்த கவர் ஒன்று அவர் மண்டபத்துக்குப் போனது. சங்கிலியை என் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார். இன்றைக்கும் அது ஷட்டர் பக்கத்தில் கிடக்கிறது.

2. கத்துகிற மூடி

கவர் என்பது பெரிய வித்தை இல்லை. கண்ணாடி போலத் தெரியும் கெட்டியான பிளாஸ்டிக் மூடி. குமிழின் மேல் பொருத்திவிட வேண்டும். அது எதையும் பூட்டாது. மேலே தூக்கினால் சைரன் கத்தும். குமிழைத் திருகிப் போய்க்கொண்டே இருக்கலாம். உண்மையான அவசரத்தில் இருக்கிறவன் சத்தத்துக்குக் கவலைப்படமாட்டான். வடைக்காகப் போகிறவன் வெட்கப்பட்டு நின்றுவிடுவான். இதுதான் கணக்கு. மூடியின் மேல் 'அவசரத்துக்கு மட்டும் தூக்கவும்' என்று சிவப்பில் எழுதி ஒட்டினேன். சைரனை நிறுத்தும் சாவியை மண்டபத்து சூப்பர்வைசர் பாண்டியிடம் கொடுத்தேன்.

முதல் கல்யாணத்தில் நான் போய் ஓரமாக நின்று பார்த்தேன். பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவர் சாவகாசமாக மூடியைத் தூக்கினார். அது கத்திய கத்தலில் நாதஸ்வரக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஹாலே திரும்பிப் பார்த்தது. பெரியவர் மூடியை இறக்கிவிட்டு, அந்தப் பக்கம் எதற்கு வந்தோம் என்று தனக்கே தெரியாதவர் போல நெற்றியைத் தடவிக்கொண்டு போய் உட்கார்ந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பெருமை பெருமாள் வருகிற வரைக்கும்தான். அவர் வந்தார், தூக்கினார், அது கத்தியது, அவர் திருகினார், கதவின் அடியில் காலால் ஒரு மிதி மிதித்தார், போய்விட்டார். மழைக்காலத்தில் கதவு கீழே பிடித்துக்கொள்ளும் என்பது கவரைப் பொருத்திய எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கீழே போய் அவரைப் பிடித்தேன். இலையில் இனிப்பு விழுந்திருந்தது.

"மாப்ள, அது கத்துதே தவிர கையப் புடிக்கலியே" என்றார். உட்காருங்கள், சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று எனக்கும் இடம் காட்டினார்.

அதற்குப் பிறகு பந்தி பரிமாறுகிறவர்களுக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. மாடியில் சைரன் கேட்டால் பெருமாள் வருகிறார் என்று அர்த்தம். ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்துவிடுவார்கள். என் கவர் சமையல்காரர்களுக்குக் காலிங் பெல் ஆகிப்போனது.

3. சந்தனம், குங்குமம்

ஆயுத பூஜை வந்தது. பாண்டி பக்திமான். ஜெனரேட்டர், கிரைண்டர், தண்ணி மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே போனவர், மாடிக்கு வந்து என் கவருக்கும் வைத்தார். மிஞ்சிய செவ்வந்தி மாலையையும் அதன்மேல் மாட்டிவிட்டார்.

மறுநாள் அதைத் துடைத்திருந்தால் இந்தக் கதை கிடையாது. துடைக்கவில்லை. அடுத்து வந்த கல்யாணத்தில் யாரோ ஒரு பெண் தலையிலிருந்த மல்லிகையைக் கிள்ளி அதன்மேல் வைத்தார். அதற்கடுத்த கல்யாணத்தில் தாண்டிப் போகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் சர்வீஸுக்குப் போனபோது பாண்டி என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

"நான் பொருத்துன சாமான்டா இது" என்றேன்.

"இருக்கட்டும் பாய். நீங்க பொருத்துனீக, நாங்க கும்புடுறோம்ல" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேட்டரி மாற்றினேன். சிவப்பு எழுத்தை மறைத்திருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டும் வந்தேன். அடுத்த தடவை போனபோது முன்னைவிடத் தடிமனாக அப்பியிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், சைரனுக்கு அடங்காத பெருமாள் சந்தனத்துக்கு அடங்கிவிட்டார். சோற்றுக்காகச் சாமி காரியத்தில் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் போல நாற்காலிக்குப் பின்னால் நின்று மோருக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். வீடியோவில் நாற்காலிகள் நிறைந்தன. நான் சொக்கலிங்கம் அண்ணனிடம் போய், எழுத்து மறைகிறது, மாலையை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். நல்லபடியாக நடக்கிற ஒன்றில் எதற்குக் கை வைக்க வேண்டும், முதல்முறையாகத் தன் மச்சினன் ஒரு சொல் கேட்டிருக்கிறான் என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனாலும் கணக்கு உதைத்தது. தூக்கக்கூடாத நேரத்தில் தூக்காமல் இருக்கத்தான் அந்த மூடி. தூக்கவே கூடாது என்று ஆகிவிட்டால் அதற்கும் மாட்டுச் சங்கிலிக்கும் என்ன வித்தியாசம்?

4. முகூர்த்தம்

சொக்கலிங்கம் அண்ணன் மகளுக்கு அதே மண்டபத்தில் கல்யாணம் வைத்தார். நானும் என் மனைவியும் போயிருந்தோம். ஹால் நிரம்பி வழிந்தது. தன் மகள் கல்யாண வீடியோவில் ஒரு நாற்காலிகூடக் காலியாகத் தெரியக்கூடாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், பாண்டி அவசர வழிக் கதவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அன்றைக்குப் புது மாலை போட்டிருந்தார்கள். பெருமாள் மணப்பெண்ணின் தாய்மாமன் ஆயிற்றே, மேடையில் நிற்க வேண்டிய கட்டாயம். தாலி கட்டும் வரைக்கும் இந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது என்று அவருடைய அக்காள் சொல்லிவைத்திருந்தார். பந்தி நினைப்பு முகத்தில் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

ஹால் வாசலில் தெர்மாகோலிலும் துணியிலும் செய்த பெரிய அலங்கார வளைவு, அது நிறைய சீரியல் லைட். அதில்தான் பற்றியது. முதலில் ஒரு நாற்றம். பிறகு வாசல் பக்கமிருந்து கறுப்புப் புகை உள்ளே வந்தது. வாசலை நோக்கி ஓடியவர்கள் இருமிக்கொண்டே திரும்பினார்கள். அத்தனை பேரும் பக்கவாட்டுக் கதவுக்கு வந்தார்கள்.

வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். முன்னால் நின்றவர்களுக்குத் தெரிந்தது ஒரு மாலை, சந்தனம், குங்குமம், காவலுக்குப் பாண்டி. எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. பாண்டியும் கெட்டவர் இல்லை. முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதலாளி மேடையில் இருந்தார். இடையில் மொத்த ஹாலும் இருந்தது.

நான் நடு வரிசையில் மாட்டிக்கொண்டேன். மூடியைத் தூக்குங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். அத்தனை வருடத் தொழிலில் நான் அப்படிப் பயந்ததில்லை. இந்தக் கதவுக்கும் இத்தனை உயிருக்கும் நடுவில் இருப்பது நான் திருகாணி போட்டு மாட்டிய சாமான் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

மேடையிலிருந்து பார்த்த பெருமாளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையின் பக்கவாட்டில் குதித்தார். சுவரை ஒட்டியே வந்து கதவை அடைந்தார். மாலையைக் கழற்றிப் பாண்டியின் கழுத்தில் போட்டார்.

"சாமி கோவிச்சா எங்கிட்ட வரட்டும். நீ தள்ளு" என்றார்.

தூக்கினார். சைரன் கத்தியது. திருகினார், அடியில் ஒரு மிதி மிதித்தார். கதவு திறந்துகொண்டது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

கதவைத் தோளால் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, முதலில் பிள்ளைகளை விடச் சொன்னார். "கடேசிப் படி ஒசரம், பார்த்து எறங்குங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் படி உயரம் என்பது அந்த மண்டபத்தில் வேறு யாருக்குத் தெரியும்? பாண்டி மாலையும் கழுத்துமாகத் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வளைவைத் தாண்டித் தீ வரவில்லை. ஒருவருக்கும் ஒரு காயமில்லை.

கீழே சைரனைக் கேட்ட பரிமாறுகிறவர்கள் வழக்கப்படி ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்கள். வந்தது மொத்தக் கல்யாணம். ஐயர் முகூர்த்தம் போகிறது என்று பதறினார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் இரண்டு பந்தி வரிசைகளுக்கு நடுவில் நிற்கவைத்து அங்கேயே தாலி கட்டச் சொன்னார்கள். வீடியோக்காரர் ஒரு பெஞ்சின் மேல் ஏறி எடுத்தார். அந்த வீடியோவை நான் பார்த்திருக்கிறேன். காலி நாற்காலி ஒன்றுகூட இல்லை.

5. அதற்குப் பிறகு

அடுத்த வாரம் நான் போனபோது சந்தனத்தைத் துடைத்திருந்தார்கள். சொக்கலிங்கம் அண்ணன் தானே மூடியைத் தூக்கி, அது கத்துவதைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு பாண்டியைத் தூக்கச் சொன்னார், கூட்டிப் பெருக்குகிறவர்களைத் தூக்கச் சொன்னார். இப்போது அங்கே கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண் வீட்டார் ஒருவரும் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் அதைத் தூக்கி, கதவைத் திறந்து, படி இறங்கிப் பார்க்க வேண்டும். சிலர் அதை ஒரு சடங்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். கதவின் அடியை நான் செதுக்கிவிட்டேன். இனி மிதிக்க வேண்டியதில்லை.

தொழிலுக்கு வருகிற பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். கவரை மாட்டியதும் வேலை முடிந்தது என்று டூல் பாக்ஸை மூடாதீர்கள். அந்த இடத்தில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் கையாலேயே தூக்க வையுங்கள். ஒரு தடவை கத்தட்டும், எல்லோரும் சிரிக்கட்டும். ஒரு தடவை தூக்கிய கை, தேவைப்படும் நாளில் யோசித்துக்கொண்டு நிற்காது.

அன்றைக்குப் பெருமாளுக்கு முதல் பந்தி கிடைக்கவில்லை. கடைசி ஆள் இறங்கும் வரைக்கும் கதவைப் பிடித்திருந்துவிட்டு அவர் கீழே வந்தபோது எல்லா நாற்காலியிலும் ஆள். கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். மணப்பெண்ணின் அப்பா, மண்டபத்துக்குச் சொந்தக்காரர், பட்டு வேட்டியில் கரி அப்பியிருக்க, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். முதுகுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவருடைய இலையையே பார்த்தார். அவர் மோருக்கு வந்ததும், கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி பெருமாளைக் கூப்பிட்டார்.

"மாப்ள, எடம் புடிச்சு வச்சிருக்கேன். ஓடியா."