முள்பட்டையும் இரண்டு விரலும்

"நாய் பழக்கப் போற எடத்துல நாய் கடிக்காது, வீட்டுக்காரங்கதான் கடிப்பாங்க" என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் அந்துவான் அண்ணன். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்து நாய்களைப் பழக்கிவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். சொன்னது ஐம்பத்து நாலில், புதுச்சேரியில் கொடி மாறிய வருஷம். வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பலேறிக்கொண்டிருந்தன. அவர்கள் விட்டுப்போன நாய்கள் நம் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்தன. நான் ஒரு வெள்ளைக்கார மதாம் வீட்டில் நாய் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள். மதாம் போனதும் அண்ணன்தான் நாய் பழக்கும் வேலைக்கு என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். இப்போது என் பிள்ளைகள் மூவரும் தலையெடுத்துவிட்டார்கள். காலைப் பூசை முடிந்தால் எனக்கு நாய்கள்தான். நாய் வளர்த்து அவதிப்படுகிற உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

என் கையில் போட்டுப் பார்த்தது

அண்ணனிடம் ஒரு பட்டை இருந்தது. நிக்கல் பூசிய இரும்பு வளையங்கள், உள்பக்கம் மழுங்கிய முட்கள். வாரை இழுத்தால் முட்கள் கழுத்தில் அழுந்தும், விட்டால் தளரும். பாடம் முடிந்ததும் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

ஒருநாள் அதை என் கையில் மாட்டி இழுக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் இழுத்தார். சாயந்தரம் ஜெபமாலை சொல்லும்போதும் அந்தத் தடம் போகவில்லை. மறுநாள், வாயில்லாத ஜீவனுக்கு இது எதற்கு அண்ணா, இப்படி வலிக்கிறதே என்றேன்.

"வலிக்கத்தான் தங்கச்சி பட்டை. இனிக்கணும்னா வெல்லத்த வாங்கிக் கட்டிவுடு."

ரொட்டி வழி

வெல்லம் கட்டவில்லை. காய்ந்த ரொட்டியைக் கிள்ளி மடியில் முடிந்துகொண்டேன். நாய் சொன்னபடி உட்கார்ந்தால் ஒரு துண்டு, தடவிக்கொடுத்து இரண்டு நல்ல வார்த்தை. உழவர்கரையில் ஒரு வக்கீல் வீட்டு நாய் மூன்றே வாரத்தில் படித்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் தலைகூட நிமிர்ந்தது.

அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தட்டு வைத்த ஒவ்வொருவர் முன்னாலும் நாய் போய் ஒழுங்காக உட்கார்ந்து, கண் கொட்டாமல் வாயையே பார்த்திருக்கிறது. விரட்டினால் இன்னும் ஒழுங்காக உட்கார்ந்ததாம். மாப்பிள்ளையின் அப்பா சொஜ்ஜியை விழுங்க முடியாமல் கீழே வைத்துவிட்டார். வக்கீல் மனைவி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காரக் கத்துக் குடுத்தீங்க, சரி. எழுந்து போகக் கத்துக் குடுக்க வேற யாரு வருவாங்க?"

பிஜு

மரவாடி முதலாளி ஒருவர், கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து பிஜு என்ற நாயை வாங்கியிருந்தார். பழுப்பு நிறம், நீளக் காது, சாதுவான கண். எது சொன்னாலும் மலைத்து நிற்கிறது, திமிர் பிடித்தது, முள்பட்டை வேண்டும் என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது. மதாம் வீட்டில் கேட்டுக் கேட்டுத் தெரிந்த நாலைந்து வார்த்தையில் ஒன்றை, உட்காரச் சொல்கிற "அசி"யை, மெல்லச் சொன்னேன். பிஜு சட்டென்று உட்கார்ந்து வாலால் தரையைப் பெருக்கியது.

பிரச்சினை தீர்ந்தது என்று நான் சந்தோஷப்பட்டது தப்பு. முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. என் சோற்றைத் தின்றுவிட்டு இன்னும் வெள்ளைக்காரன் பேச்சையா கேட்கிறது என்றார். அந்த வார்த்தை தன் வாயில் வராது, நாய்தான் தமிழ் கற்க வேண்டும் என்றார். அசி, உட்காரு என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பழக்கிவிட்டு முன்னதை விட்டுவிடலாம், பத்து நாள் கொடுங்கள் ஐயா என்று கெஞ்சினேன்.

"பத்து நாளா? நாட்டையே ஒரு நாள்ல மாத்திப்புட்டாங்க. நீ போம்மா, அந்துவானப் பட்டையோட வரச் சொல்லு."

பளபளப்பு

அண்ணன் ஐந்தே நாளில் முடித்துவிட்டார். முதலாளி அந்தப் பட்டையையே கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த மாசத்தில் இரண்டு தடவை மரவாடி வழியாகப் போனேன். முன்பக்கம் பிஜு கட்டிக் கிடந்தது. கழுத்தில் பட்டை வெயிலுக்கு மின்னியது. என்னைப் பார்த்து எழுந்தது, வாலை ஆட்டவில்லை. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்திருக்கலாம். தோற்றுப்போன ரோஷம். நடந்துகொண்டே அதற்காக மாதாவிடம் ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன், கையை நீட்டவில்லை. முதலாளி மரக்கட்டைகளுக்கு நடுவில் இருந்து கூப்பிட்டுச் சொன்னார்.

"பாத்தியா? ஒன் ரொட்டியவிட என் இரும்பு நல்லாத் தமிழ் பேசுது."

கழற்றியது

ஒரு மாசம் கழித்து, கழுத்தைத் தொட்ட முதலாளியின் கையைப் பிஜு கடித்துவிட்டது. வெறிநாய், அடித்துப் போடப் போகிறேன் என்று ஆள் அனுப்பினார். நானும் அண்ணனும் ஓடினோம். அதன் வாயைத் துணியால் கட்டிவிட்டுப் பட்டைக்குள் விரல் விட்டேன். விரல் நுழையவில்லை. முதலாளி அதை ராப்பகல் கழற்றவே இல்லை. பார்க்க அழகாக இருந்ததாம். ரோமத்துக்கு அடியில் முட்கள் சதைக்குள் இறங்கிச் சீழ் கட்டியிருந்தது.

என் வீட்டுக்குத் தூக்கி வந்தோம். மாட்டு வைத்தியர் வந்து கழுவி மருந்து போட்டார், நம்பிக்கை சொல்லவில்லை. மாதாவிடம் அழுதேன். மருந்து போடும்போது "அசி" என்றால், அந்த நிலையிலும் உட்காரும். ஒருநாள் வாய் தவறி "உட்காரு" என்றுவிட்டேன். மூலைக்குப் போய் ஒடுங்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது.

பதினோராம் நாள் போய்விட்டது. பின்கட்டில் குழி வெட்டியவர் அண்ணன்தான். கழற்றி வைத்திருந்த பட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்தார் போல. நான் என்ன யோக்கியதையில் திட்டுவது? அதையும் குழிக்குள் போட்டு மண்ணைத் தள்ளினார்.

"மாட்டக் கத்துக் குடுத்தேன் தங்கச்சி. கழட்டுன்னு ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டேனே."

பட்டை நல்லதா ரொட்டி நல்லதா என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இத்தனை வருஷ வேலையில் நான் கண்டது, நாங்கள் இரண்டு பேரும் வாதாடி முடிப்பதற்குள் நாய் செத்துவிட்டது என்பதுதான். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்தப் பட்டை போட்டிருந்தாலும் சரி, இன்றைக்குச் சோறு வைக்கும்போது உங்கள் நாயின் பட்டைக்குள் இரண்டு விரல் விட்டுப் பாருங்கள்.