லைன் மேல் போட்ட பழி

மலேசியாவில் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்துக்கு வேகமான இணையம் வரப்போகிறது என்று தெரிந்ததும் நவமணியைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். சாலையோரக் கோபுரத்தில் புதுக் கருவி மாட்டப்போகிறார்கள் என்ற செய்தியைக் கோயில் தலைவர் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் மைக்கிலேயே சொன்னார். கூட்டம் கை தட்டியது. நவமணியும் கை தட்டினாள். ஆனால் மனமில்லாமல்தான். இத்தனைக்கும் அந்தத் தோட்டத்தில் இணையத்தை நம்பிப் பிழைப்பவள் அவள் ஒருத்திதான். ஃபேஸ்புக்கில் லைவ் போட்டு கவரிங் நகை விற்கிறாள்.

விஷயம் என்னவென்றால், நவமணிக்கு வாய் திக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதிலும் கானாவும் பானாவும் சில நேரம் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதற்காக அவளைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். எந்த வீட்டில் பாம்பு நுழைந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். திக்கலுக்கும் அவள் வழி வைத்திருந்தாள். காசு என்பது வராவிட்டால் மலாயில் டுயிட் என்பாள். பால் நின்றுவிட்டால் சூசு என்பாள். பள்ளிக்கூடம் எப்போதும் ஸ்கூல்தான். மூன்று மொழி புழங்கும் நாட்டில் பிறந்ததில் அவளுக்கு இந்த ஒரு லாபம். கணவன் பெயர் பரஞ்சோதி; அதுவும் பானாவில்தான் தொடங்குகிறது. கணவன் பெயரைச் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தை எந்தப் புண்ணியவான் ஏற்படுத்தினானோ, அவனுக்கு அவள் மனத்துக்குள் கும்பிடு போடுவாள்.

பல வருஷம் கூலிம் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அவளுக்கென்றே செய்துவைத்த இடம் அது. இயந்திரங்கள் போடும் இரைச்சலில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். கையால் பேசுவதில் நவமணியை மிஞ்ச ஆளில்லை. கையுறைக்கு மவுசு குறைந்து ஆட்களைக் குறைத்தபோது, வேலை போனதைவிட அந்த இரைச்சல் போனதுதான் அவளுக்குப் பெரிய கவலையாக இருந்தது.

பக்கத்து வீட்டில் இருக்கும் நாத்தனார் ஷாமளாவோடு சேர்ந்துதான் கவரிங் நகை வியாபாரம் தொடங்கினாள். முதலில் படம் மட்டும் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள். படத்தைப் பார்த்து யார் வாங்குகிறார்கள்? ஒரு நாள் ஷாமளா அண்ணியைக் கேட்காமலேயே லைவைத் தட்டிவிட்டாள். நவமணி கையில் பச்சைக்கல் அட்டிகை ஒன்று இருந்தது. "ப" என்றாள். அடுத்த எழுத்து வரவில்லை. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவதி கீழே எழுதினாள்: "அக்கா, உங்க எஸ்டேட் லைன் சரியில்லலா, சிக்குது."

நவமணி தலையை ஆட்டினாள். பொய் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் அந்தத் தலையாட்டல் அவள் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது. அந்தத் தோட்டத்து இணைய லைன் உண்மையிலேயே மகா மட்டம். படம் அடிக்கடி நின்று நின்றுதான் வரும். அதற்குள் அவள் திக்கலும் போய் ஒளிந்துகொண்டது. கொஞ்ச நாளில் அவள் அதையே ஒரு வித்தையாக்கிவிட்டாள். சொல் சிக்கினால் முகத்தையும் கையையும் அப்படியே நிறுத்திவிடுவாள், கண்கூட இமைக்காது. பார்ப்பவர்கள் படம் நின்றுவிட்டது என்று நினைப்பார்கள். சொல் வழிக்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வாள். இதற்காக மின்விசிறியை நிறுத்தினாள். பின்சுவரில் தொங்கிய காலண்டர் காற்றில் படபடக்காமல் இருக்க அதன் கீழ்ப்பக்கமும் ஒரு ஆணி அடித்தாள். வாடிக்கையாளர்களுக்கு இதுவே வேடிக்கையாகிவிட்டது. "அக்கா மறுபடியும் மாட்டிக்கிட்டாங்க" என்று சிரிப்பார்கள், காத்திருப்பார்கள்.

அந்தத் தைரியத்தில் அவளுக்குப் பேச்சு வந்தது. சிக்கினால் போர்த்திக்கொள்ளப் போர்வை இருக்கிறது என்று தெரிந்ததும் அவள் வாய் அவிழ்த்துவிட்ட கன்றாய் ஓடியது. மாமியார் கதை, மாப்பிள்ளை வீட்டார் கதை, எந்தத் தோட்டை எந்தக் கல்யாணத்துக்குப் போட்டால் யார் வயிறு எரியும் என்ற கணக்கு, எல்லாம் வந்தன. ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேட்டார்கள். தனக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று அவளுக்கே ஆச்சரியம். தோட்டத்து ஆட்களுக்கு உண்மை தெரியும். ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை, அதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

இப்போது அந்தப் போர்வையை உருவப்போகிறார்கள்.

கோபுரத்தில் வேலை செய்ய வந்தவர்களில் திவாகர் என்ற பையன் குருண் ஊரைச் சேர்ந்தவன். தண்ணீர் கேட்டு வீட்டு வாசலுக்கு வந்தான். நவமணி சிராப் சர்பத் கலந்து கொடுத்துவிட்டு மெல்ல விசாரித்தாள்.

"இது வந்தா வீடியோ நிக்கவே நிக்காதா தம்பி?"

"நிக்காதுக்கா. கண்ணாடி மாதிரி ஓடும்."

"மழை பேஞ்சா?"

"மழைக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. கவலப்படாதீங்க."

"தோட்டத்து உள்ளாற போனா?"

"உள்ளயும் கிடைக்கும்க்கா. உங்களுக்கு ரொம்ப ஆசை போல," என்று சிரித்தான். நவமணியும் சிரித்துவைத்தாள். அவன் குடித்த சிராப்பைத் திருப்பிக் கேட்க முடியுமா?

கருவி மாட்டி முடித்த மறுநாள் காலையில் அவள் பரஞ்சோதியை மோட்டார் சைக்கிளை எடுக்கச் சொன்னாள். அவன் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று அவனுக்கு அத்துப்படி.

"எங்க போகணும்?"

"லைன் மட்டமா இருக்கிற எடமா ஒண்ணு காட்டுங்க. அங்க மேசையப் போட்டு லைவ் செய்யலாம்."

பரஞ்சோதி அவளை ஒரு மாதிரி பார்த்தான். "ஊரே லைன் தேடி அலையுது. நீ லைன் இல்லாத எடம் தேடுற."

"பேசாம ஓட்டுங்க."

செம்பனை வரிசைகளுக்குள் இருவரும் சுற்றினார்கள். நவமணி பின்னால் உட்கார்ந்து போனை ஆள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். குலை குவிக்கும் மேட்டில் சிக்னல் முழுக் கோடு. பழைய உரக் கொட்டகையில் முழுக் கோடு. கடைசியாக ஆற்றோரப் பள்ளத்துக்குக் கூட்டிப்போனான். போன மாதம்வரை அங்கே போன் வெறும் டார்ச் லைட்தான். இப்போது அங்கேயும் கோடு குறையவில்லை. ஒரு மரத்தடியில் வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வீட்டாரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு குழந்தை. புதிதாய் முளைத்த பல் இரண்டும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தன. அவர் நவமணியிடம் திரையைத் திருப்பிக் காட்டினார், தன் மகள் என்று.

நவமணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மனுஷனுக்குக் கிடைத்த லைன் கெட்டுப்போக வேண்டும் என்றா இவ்வளவு நேரம் வேண்டிக்கொண்டு வந்தோம் என்று நினைத்தாள். திரும்பும்போது போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

வந்தது தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. வருஷத்திலேயே பெரிய விற்பனை அன்றுதான். ஷாமளா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணி, இந்த வாட்டி ஃபோட்டோ மட்டும் போடுவோமா?"

"ஃபோட்டோ பேசுமா?" என்று கேட்டாள் நவமணி. குரலில் கோபம் இருந்தது. அது ஷாமளா மேல் வந்த கோபம் இல்லை. பேசாமல் இருந்த காலமெல்லாம் போதும், திரும்பவும் ஊமையாகப் போகமாட்டேன் என்ற கோபம். பழைய வித்தையையே செய்துபார்ப்போம், நடந்தால் நடக்கட்டும் என்று மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்துவிட்டாள்.

படம் பளிச்சென்று வந்தது. "அக்கா மூக்குத்திக் கல்லுகூட தெரியுது," "புது லைனா அக்கா?" என்று கமெண்ட் கொட்டியது. நவமணியும் சளைக்கவில்லை. அட்டிகை போனது, தோடு போனது, ஒட்டியாணம் போனது. இரண்டு மூன்று இடத்தில் சொல் இடறியபோது மலாய்ச் சொல்லைப் போட்டுத் தாண்டிவிட்டாள். அப்புறம் முத்து வைத்த கொலுசு ஒரு ஜோடியைக் கையில் எடுத்தாள். அதற்கு மலாய்ச் சொல் அவளுக்குத் தெரியாது.

"க..."

அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் அப்படியே நின்றாள். கொலுசு கையில் தொங்கியது. கண் இமைக்கவில்லை. "அக்கா மாட்டிக்கிட்டாங்க" என்று வழக்கம்போல ஒருத்தி எழுதினாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா பரஞ்சோதிக்குத் தாகம் எடுக்க வேண்டும்? குளித்துவிட்டு ஈரத் தலையோடு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவிக்குப் பின்னால் சாவகாசமாக நடந்து போனான். ஐஸ் பெட்டியைத் திறந்தான். போத்தலை அண்ணாந்து பாதி குடித்தான். வாயைத் துடைத்தான், பெட்டியைச் சாத்தினான், வந்த வழியே போனான். எல்லாம் கண்ணாடி மாதிரி ஓடியது. அந்தத் திவாகர் பையன் பொய் சொல்லவில்லை.

திகாம் பத்து என்ற ஊரிலிருக்கும் தேவகி எழுதினாள். முதல் லைவிலிருந்தே நவமணியிடம் வாங்குகிறவள் அவள். "அக்கா, நீங்க மட்டும் நிக்கிறீங்க. பின்னால அண்ணன் தண்ணி குடிச்சிட்டுப் போறாரு?"

அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் கொத்துக் கொத்தாக வந்து விழுந்தன. ஷாமளா பதறிப்போய் லைவை நிறுத்தக் கையை நீட்டினாள். நவமணி அந்தக் கையைப் பிடித்து ஓரமாக வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனுஷன் போத்தலைத் தூக்கிய அழகு அப்படி.

"லைன் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "எப்பவும் நான்தான். எனக்குச் சின்ன வயசுல இருந்தே வாய் தி... தி... திக்கும். சிக்கினா சும்மா நின்னுருவேன். நீங்க லைன் சரியில்லன்னு சொன்னீங்க, நானும் ஆமான்னுட்டேன். லைன் மேல ப... ப... பழியப் போட்டுட்டேன். லைன் பாவம்லா."

சிலர் வெளியே போனார்கள். எண்ணிக்கை இறங்குவது மேலே மூலையில் தெரிந்தது. நவமணி அதைப் பார்த்தாள். பிறகு பார்வையை விலக்கிக்கொண்டு கொலுசை மறுபடி தூக்கிப் பிடித்தாள். இந்தத் தடவை அவள் உறைந்து நிற்கவில்லை. வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு கண் சுருங்கியது. இத்தனை நாள் மறைத்துவைத்த முகம் அது. வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாள்.

"க... க..."

"கொலுசா அக்கா" என்று எழுத ஒருத்தி தொடங்கியிருப்பாள் போல. அவசரத்தில் "கொலு" என்று அரைச்சொல்லோடே அனுப்பிவிட்டாள். நவமணிக்கு அது புதிதில்லை. அம்மா, வாத்தியார், சூப்பர்வைசர், ஏன் பரஞ்சோதிகூட, அவள் வாயில் இருந்த சொல்லை அவளுக்கு முன்னால் பிடுங்கிச் சொல்லிவிட்டு உதவி செய்ததாக நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு எரியும். ஒருவரிடமும் அதைச் சொன்னதில்லை, சொல்லவும் வராது.

அப்போது தேவகியின் பெயர் திரையில் மறுபடி வந்தது.

"யாரும் முந்திக்காதீங்க. அக்காவே சொல்லட்டும்."

கமெண்ட் நின்றுவிட்டது. ஒரு எழுத்துகூட ஏறவில்லை. ஆனால் ஆட்கள் போகவில்லை, அங்கேயே இருந்தார்கள். பினாங்கிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் நூற்றுக்கணக்கான பெண்கள் வாயைத் திறக்காமல் ஒரு சொல்லுக்காக உட்கார்ந்திருந்தார்கள். நவமணிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. "க... க... கொ..." என்று ஏறி ஏறி, தன் வாயாலேயே "கொலுசு" என்று சொல்லி முடித்தாள், விலையையும் அவளே சொன்னாள்.