கதவைச் சாத்திக்கொண்டு போனவள்

மழை விட்டதும் எதிர்வீட்டு லாரிக்காரர் தார்ப்பாயைத் தெருவில் விரித்து உலரப் போட்டார். அந்த நனைந்த கித்தான் வாடை ஜன்னல் வழியே வந்ததுதான் தாமதம், எனக்குக் கையில் வேலை ஓடவில்லை. உங்களுக்கு அது வெறும் வாடை. எனக்கு ராயபுரத்து டெண்ட் சினிமாக் கொட்டகை.

பேசாத படங்களின் காலம். எனக்கு இருபது வயது. என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று கூட்டமும் வெற்றிலை போட்டுக்கொண்டு, ‘பொண்ணு கொஞ்சம் கறுப்பு’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. கொஞ்சம் என்றது அவர்களுடைய பெருந்தன்மை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அம்மா என்னைக் கொட்டகையில் பெண்கள் வாசலில் டிக்கெட் கிழிக்க அனுப்பினாள். இருட்டில் உட்காருகிற வேலை எனக்குப் பொருத்தம்தான் என்று நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன்.

பெண்கள் பக்கம் மணல் தரை. முன்னால் இருப்பவளின் கொண்டை மறைத்தால் மணலைக் குவித்து அதன்மேல் உட்காருவார்கள். பின்னால் இருப்பவள் இன்னும் உயரமாகக் குவிப்பாள். கடல்காற்று பலமாக அடித்தால் திரை உப்பி, கதாநாயகிக்குத் திடீரென்று கன்னம் வீங்கும். திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை நம் பாஷையில் உரக்கச் சொல்கிறவர் எத்திராஜண்ணன். பகலில் துறைமுகத்தில் மூட்டைகளுக்குக் குறி போடுகிற வேலை அவருக்கு.

ஒரு வாரம் வெள்ளைக்காரக் காதல் படம் ஒன்று வந்தது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்த துரைசானிக்கு ஒரு கறுப்பினப் பெண் தலை வாருவாள், காதலனின் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பாள். காதலர்கள் நெருங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள். அவ்வளவுதான் அவள். அவள் தலை தெரிந்தாலே கொட்டகை சிரிக்கும். முதல் நாளே ஒருத்தி என் பக்கம் திரும்பி, “இன்னாடி, உன்னாட்டமே கீறா!” என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

அப்புறம் நான் அவளை மட்டுமே பார்த்தேன். அந்நாளில் வெள்ளைக்காரிக்கே மை பூசிக் கறுப்பியாக நிறுத்துவதும் உண்டாம். பிற்பாடு படித்தவர் ஒருவர் சொன்னார். இவள் அப்படியில்லை. காதுமடல் வரை பார்த்து வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் எத்திராஜண்ணனிடம் கேட்டேன்.

“அண்ணே, அவ பேரு இன்னா?”

“யாரு, வேலக்காரியா? அவுளுக்குப் பேரெல்லாம் போடலம்மா.”

“கதவ சாத்திகினு எங்க போறா?”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று படத்தில் கதவு சாத்தியதும் அவர் குரல் எழுந்தது. “பாத்துக்க! வெளிய இவுளுக்குன்னு ஒருத்தன் காத்துகினு கீறான். கப்பல்ல வேல. இவ தலைல வெக்க பூ வாங்கியாந்துகீறான்!”

அதோடு விடாமல் அவளுக்கு ஒரு பெயரும் வைத்தார். என் பெயரை. அவமானமா சந்தோஷமா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை.

படம் துரைசானியின் கல்யாணத்தோடு முடிந்தது. பெண்கள் எழுந்திருக்கவில்லை. என் பெயரைச் சொல்லி, “அவ இன்னா ஆனா? அவன் கட்டிகினானா இல்லியா? அதக் காட்டு!” என்று ஒரே சத்தம். முதலாளி அரக்கப்பரக்க ஓடிவந்தார்.

“ரீல்லயே இல்லாதத்த எங்கேந்து காட்டுவேன்?” என்று எத்திராஜண்ணன்மேல் பாய்ந்தார்.

மறுநாளிலிருந்து எத்திராஜண்ணன் பழையபடி வேலைக்காரி என்றே சொன்னார், என் வாசல் பக்கம் பார்க்காமல். பெண்கள் மட்டும் கதவு சாத்தும்போதெல்லாம் என் பெயரை முணுமுணுத்தார்கள். வாரம் முடிந்ததும் படம் பெட்டிக்குள் போய் ரயிலேறியது.

பேசும் படம் வந்தபின் கதை சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை. எத்திராஜண்ணன் எங்கே போனாரோ. பேசும் படத்திலும் கறுப்பானவள் தோழிதான், இல்லாவிட்டால் சிரிப்புக்கு. கொட்டகை இருந்த மனையில் இப்போது லாரிகள் நிற்கின்றன. கல்யாணமா? நாலாவது கூட்டம் வரவேயில்லை. அம்மா போனபிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லை. தெருவுக்கு நான் ஆயா.

ஒரே ஒரு சாயங்காலம், கொட்டகை நிறையப் பெண்கள் எழுந்து போக மாட்டேன் என்று உட்கார்ந்து, என் பெயரைச் சொல்லி, அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அப்புறம் யாரும் கேட்கவில்லை.