கார்பூல் லேனும் எங்க காலேஜும்

இன்னிக்குக் காலையில ஆஃபீஸ் போற வழியில நடந்தது. சாயங்காலம் ஆகியும் எனக்குக் கோபம் அடங்கல.

டெக்ஸாஸ்ல நான் எம்.எஸ். பண்ண சின்ன காலேஜை ஒரு பெரிய ஃபுட்பால் கான்ஃபரன்ஸ்ல, அதாவது தங்களுக்குள்ள மேட்ச் ஆடிக்கிற காலேஜ்கள் கூட்டத்துல, சேர்த்துட்டாங்க. இங்க தினம் என்னைத் தன் கார்ல ஃப்ரீமான்ட்லேர்ந்து மில்பிடாஸ் ஆஃபீஸுக்குக் கூட்டிட்டுப் போற ரகு படிச்ச பெரிய யூனிவர்சிட்டியும் அதுலதான் இருக்கு.

நான் ஏறி பெல்ட்கூடப் போடல. "எங்க ஃபேன்ஸ் இன்டர்நெட்ல உங்க காலேஜை என்ன கிழி கிழிக்கிறாங்க பாத்தீங்களா?"ன்னு ஆரம்பிச்சுட்டார். ஊர் பேர் தெரியாத காலேஜாம். எங்களோட ஆடினா அவங்க மானம் போயிடுமாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

"சரி, நீங்க என்ன நினைக்கிறீங்க?"ன்னு கேட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க வசந்தி. சும்மா ஒப்புக்குச் சப்பாணி. கணக்குல ஒரு தலை கூடணும்னு சேத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான்."

இதைச் சொல்லும்போது நாங்க கார்பூல் லேன்ல பறந்துட்டு இருக்கோம். கார்ல ரெண்டு பேர் இருந்தாத்தான் அதுல போகலாம். பக்கத்து லேன்ல தனியா வந்தவங்க எல்லாம் நகர முடியாம நிக்கறாங்க.

"ரகு, அடுத்த எக்ஸிட்ல என்னை இறக்கி விட்டுடுங்க. அப்புறம் நீங்க மட்டும் இதே லேன்ல போய்க் காட்டுங்க."

எக்ஸிட் வந்தும் மனுஷன் ஸ்பீடைக் குறைக்காம நேரா மில்பிடாஸுக்கே விட்டார்.

நாளைக்கு எங்க காலேஜ் ஸ்வெட்ஷர்ட்டைப் போட்டுக்கிட்டுத்தான் அவர் பக்கத்துல உட்காரப் போறேன். சீசன் முழுக்கத் தோத்தாலும் அதே சட்டைதான்.

அது அவருக்குப் பிடிக்கலைன்னா, ஃப்ரீமான்ட்லேர்ந்து வர்றவங்க யார் கார்லயாவது ஒரு தலை குறையுதா? எங்க காலேஜ் பேரை மரியாதையாச் சொல்றவங்க மட்டும் பதில் போடுங்க.